சுக்கானில் ஆள் இல்லாத தோணி

பெண் கேட்டுப் போகிறவன் வாயை அடக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கையையும் அடக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என்னைப் போல ஓர் ஓவியன் தாமிரபரணிக்குத் தெற்கே பிறக்கவே இல்லை என்று அந்த வயதில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குத் தூத்துக்குடியில் பாய்மரத் தோணிப் படம் வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். கப்பல் ஏஜென்சி அலுவலகங்கள், லாட்ஜ் வரவேற்பறைகள், ஒரு பல் ஆஸ்பத்திரி (கடலைப் பார்த்தால் பல் பிடுங்கும் பயம் குறையுமாம்) என்று பல இடங்களில் என் தோணிகள் தொங்குகின்றன. ஆனால் நான் வரைந்த முதல் தோணி எந்தக் கண்காட்சிக்கும் போகாது. போக என் மாமனார் விடமாட்டார்.

அப்போது நான் தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர். ஸ்டெல்லா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். என் வீடு நாசரேத் ஊரில், வாத்தியார் குடும்பம், புராட்டஸ்டன்ட் சபை. அவள் வீடு கடற்கரைத் தெரு, கத்தோலிக்கர்கள். அவளுடைய அப்பா மிக்கேல், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி ஓட்டிய தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கரைக்கு வந்து ஓய்வாக உட்கார்ந்த பிறகும் தெருவே அவரைத் தண்டல் என்றுதான் கூப்பிடும். இரண்டு வீட்டிலும் இந்தக் கல்யாணத்துக்கு முகம் சுளித்தார்கள். தண்டல் மட்டும், "பயல வரச்சொல்லு, பாப்போம்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தப் 'பாப்போம்'தான்.

"ஒரு கிலோ மக்ரூன் வாங்கிட்டு வாங்க. வேற எதுவும் கொண்டு வராதீங்க" என்றாள் ஸ்டெல்லா. கணக்கு டீச்சர் பேச்சை நான் கேட்டிருக்கலாம்.

நான் என்ன செய்தேன் என்றால், அவர் ஓட்டிய தோணியை நான்கடி அகலத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். பழைய துறைமுகத்தில் நின்ற ஒரு தோணியின் புகைப்படத்தைப் பார்த்து உடம்பை வரைந்தேன். பாயை ஒரு காலண்டரிலிருந்து எடுத்தேன். தண்டலின் முகத்துக்கு, ஸ்டெல்லாவிடம் கெஞ்சி வாங்கிய அவருடைய பழைய ஸ்டுடியோ போட்டோ. அதில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படியே தூக்கித் தோணியின் முன்முனையில் நிறுத்தினேன். நெஞ்சு நிமிர்ந்து, மீசை காற்றில் பறக்க, எதிரே கடல். முடித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. (கலங்காமல் என்ன செய்யும், டர்பன்டைன் நெடி.)

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படமும் மக்ரூனுமாகப் போய் இறங்கினேன். வீட்டில் தண்டல், அவர் மனைவி, இன்னும் சொந்த வள்ளம் வைத்துக் கடலுக்குப் போய்வரும் அவருடைய தம்பி சேவியர் ஆகிய மூவரும் இருந்தார்கள். ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்றாள். நான் துணியை விலக்கினேன்.

நாங்களெல்லாம் படம் பார்த்தால் முகத்தைப் பார்ப்போம், நிறத்தைப் பார்ப்போம். கடலில் பிழைத்தவர்கள் முதலில் காற்றைப் பார்ப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"காத்து எங்கிட்டு இருந்து அடிக்கி?" என்றார் தண்டல்.

"பின்னால இருந்து, மாமா." (வந்த அஞ்சு நிமிஷத்தில் மாமா. அடுக்களை வாசல் என்னை முறைத்தது.)

"பாய் அப்பிடித்தான் சொல்லுது. கொடி முன்னால இருந்து அடிக்குன்னுல்லா சொல்லுது."

"வேகமாப் போகும்போது கொடி பின்பக்கந்தான மாமா பறக்கும்? கட்சிக்காரங்க ஜீப்புல பாத்துருக்கேன்."

"ஜீப்புல பறக்கும்" என்றார் அவர், மரியாதையாக.

சேவியர் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "அண்ணே, நங்கூரத்தப் பாத்தீரா? போட்டபடியே கெடக்கு. பாயும் விரிச்சு நங்கூரமும் போட்டு, கொழும்புக்குப் போவப்பிடாதுன்னே முடிவு பண்ணிட்டாவ போல."

துறைமுகத்தில் நின்ற தோணியைப் பார்த்து வரைந்தால் நங்கூரமும் கூடவே வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் சிரித்து வைத்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

நிலைமையைச் சரிக்கட்ட ஸ்டெல்லாவின் அம்மா, எனக்கு அத்தையாக வேண்டியவர், முன்வந்தார். "அங்கன நிக்கது நீங்கதான? மூக்கு உங்க மூக்கேதான்."

தண்டல் படத்திலிருந்த தன் மூக்கைப் பார்த்தார். பிறகு விரலை அணியம் என்று அவர்கள் சொல்லும் முன்முனையில் வைத்து, மெதுவாகப் பின்முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே தோணியைத் திருப்பும் சுக்கான் இருந்தது. சுக்கானைப் பிடிக்க ஆள் இல்லை.

"நான் அணியத்துல நிக்கேன். சுக்கான்ல யாரு?"

விரலைச் சுக்கானிலேயே வைத்துக்கொண்டு தண்டல் என் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருசம், தம்பி. புயல்ல, காய்ச்சல்ல, எங்கப்பா செத்த சேதி வந்தப்பகூட அந்த எடத்த விட்டு நான் எந்திரிச்சதில்ல. நீரு என்னயக் கையக் கட்டி வேடிக்க பாக்க விட்டுட்டீரு."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தப்பட்டார். அவரைப் பெருமைப்படுத்தத்தான் அத்தனை வண்ணத்தையும் கொட்டினேன். கடைசியில் அவருடைய வாழ்க்கையில் எது பெருமையோ அதை மட்டும் விட்டிருந்தேன். மக்ரூன் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. ஸ்டெல்லாவின் கண்கள் நிறைந்திருந்தன. கல்யாணம் முடிந்தது என்று, அதாவது நடக்காமலே முடிந்தது என்று நினைத்துப் படத்தைத் தூக்கினேன்.

வாசல் வரை வந்த தண்டல் கேட்டார். "திருத்த முடியுமா?"

"முடியும், மாமா."

"பாக்காம எப்பிடித் திருத்துவீரு? நாளைக்கு ஞாயித்துக்கிழம, கடலுக்குப் போவமாட்டோம். திங்கக்கிழம காலம்பற வாரும்."

திங்கட்கிழமை பள்ளிக்கு வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன். (எழுதிய பொய் இரண்டு மணி நேரத்தில் உண்மையானது.) சேவியரின் வள்ளத்தில் தண்டல் சுக்கானைப் பிடித்தார். துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தி, எனக்காகவே பாய் விரித்தார்கள். ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்து ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதியில் சரிந்து தாளை விட்டு வெளியே போகிறது. அதற்குப் பிறகு நான் வள்ளத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, காலையில் தின்ற இட்லியை மன்னார் வளைகுடாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கினேன். கொடி முன்பக்கம் பறந்துகொண்டிருந்தது. திரும்பினால், தண்டல் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நல்லாப் பிடிச்சுக்கிடும். விழுந்தா வள்ளத்தத் திருப்ப நேரமாவும்" என்றார். வருங்கால மருமகன் கடலில் விழுந்தாலும் அவர் கை சுக்கானை விடாது என்று புரிந்தது. என் சட்டையைப் பிடித்திருந்தது சேவியர்தான்.

மூன்று வாரம் உட்கார்ந்து படத்தைத் திருத்தினேன். கொடியைத் திருப்பினேன், நங்கூரத்தைத் தூக்கினேன், தண்டலைச் சுக்கானில் உட்கார வைத்தேன். முன்னால் நின்றவரை மட்டும் எவ்வளவு சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. அங்கே அந்த உருவத்தின் உயரத்துக்கு ஒரு கறை நின்றது. அதோடேயே கொண்டுபோய்க் காட்டினேன்.

தண்டல் வெகுநேரம் பார்த்தார். "இப்பம் தோணி போவும்" என்றார். பிறகு கறையைக் காட்டினார். "இங்கன என்ன?"

"நீங்க நின்ன எடம், மாமா. போகமாட்டேங்குது."

"அப்பம் ஒரு ஆளப் போடும்."

"யாரப் போட?"

"ஒம்மத்தான். நிமிந்து நிக்காண்டாம். திங்கக்கிழம எப்பிடி இருந்தீரோ, அப்பிடி."

அங்கேயே, அவர் கண் முன்னாலேயே வரைந்தேன். வெள்ளைச் சட்டை, விளிம்புக்கு வெளியே தலை, வானத்தைப் பார்த்துப் பின்புறம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வந்தபோது தண்டல் விரலால் காட்டினார். "சுக்கான்ல இருக்கது நான். வாந்தி எடுக்கது எங்க மருமவன்." அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அப்போதுதான். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, கையிலிருந்த பிரஷ்ஷைத் தரையில் போட்டுவிட்டேன். நான் மறுபடி வாங்கி வந்திருந்த மக்ரூன் பொட்டலத்தை அத்தை பிரித்தார்.

இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. படம் அந்த வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து அங்கேதான் வந்தார்கள். பையனின் அப்பா வயல்காட்டுக்காரர். படத்தின் முன்னால் நின்றவர், நகரவே இல்லை.

"எல்லாம் சரி. முன்னால இவரு ஏன் இப்பிடிக் குனிஞ்சு கெடக்காரு?" என்றார்.

தண்டல் வாயைத் திறப்பதற்குள், காபித் தட்டோடு வந்த என் மகள் சொன்னாள்: "அது எங்கப்பா. எங்கம்மாவப் பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்காவ."