பூட்டிய வழியில் மட்டும் வரவும்

ஒரு காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குளம்தான் மிஞ்சும். தண்ணீர் குடிக்க, காட்டின் இணையதளத்தில் டோக்கன் எடுத்து, கரையில் காவல் நிற்கும் யானையிடம் போனில் காட்ட வேண்டும். இது சிங்க ராஜாவின் உத்தரவு.

தளத்துக்குப் போகும் வழியோ திறந்தே கிடந்தது. நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்ட கழுதைப்புலி, எந்த மான் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துகொண்டு வயிறு வளர்த்தது. மான்கள் கூச்சல் போட்டன. ராஜா உடனே தள நிர்வாகியான முயலை விசாரணைக்கு அழைத்து, அப்படியே சாப்பிட்டும்விட்டார். முள்ளம்பன்றி புதிய நிர்வாகியானார்.

முள்ளம்பன்றி கெட்டிக்காரர். "இனிமே பூட்டின வழியில மட்டும்தான் வரணும். எல்லார் போனுக்கும் சொல்லி வெச்சுட்டேன். ஒரு வருஷத்துக்குத் திறந்த வழிப் பக்கமே திரும்பாது" என்றார். ராஜா சால்வை போர்த்தினார். அது முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

பூட்டிய வழிக்குச் சான்றிதழ் ஒன்று வேண்டும். 'இது அசல் காட்டுத் தளம்தான்' என்று ஆந்தைச் சங்கம் தருவது. கெடு முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். அதற்கான நினைவூட்டல்கள் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தன, முயலின் மின்னஞ்சலுக்கு.

ஒரு நண்பகலில் சான்றிதழ் காலாவதியானது. குட்டியோடு குளத்துக்கு வந்த புள்ளிமானின் போன், 'நம்பத்தகாத இடம், திரும்பிப் போ' என்றது.

"அண்ணே, குட்டிக்கு நாக்கு வறண்டு போச்சு. ஒரு வாய் குடிச்சுக்கட்டும்."

"தண்ணி எனக்கும் தெரியுதும்மா. டோக்கன்தான் தெரியல" என்றது யானை.

மான் முள்ளம்பன்றியிடம் ஓடியது. "சார், பூட்டை எடுத்துடுங்க!"

"எடுத்துட்டேம்மா. ஆனா உன் போன் திறந்த வழியில வராதே! இப்ப நானே சொன்னாலும் கேக்காது. அவ்வளவு பாதுகாப்பு!" அவர் குரலில் பெருமை வழிந்தது.

"புதுச் சான்றிதழ் வாங்கலாமே?"

"ஆந்தைங்க பகல்ல தூங்கும். ராத்திரிதான் ஆபீஸ்."

அதற்குள் குட்டி கால் மடங்கி விழுந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. மான் அதை முட்டி எழுப்பி, பின்கரைக்கு நடத்திப் போனது. அங்கே காவல் கிடையாது. யாரும் வரக்கூடாத இடத்துக்குக் காவல் எதற்கு என்று விட்டிருந்தார்கள். படுத்திருந்த கழுதைப்புலி மரியாதையாக எழுந்தது.

"வாங்கக்கா. இங்க யாரும் டோக்கன் கேக்கறதில்ல. முதல்ல குட்டி குடிக்கட்டும்."

குட்டி வயிறாரக் குடித்தது. அதற்குப் பிறகு இருவரையும் யாரும் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் முள்ளம்பன்றி சபையில் அறிக்கை வாசித்தார்: ஒட்டுக்கேட்டதாக ஒரு புகாரும் இல்லை. புகாரையும் இன்னும் சான்றிதழ் வராத அந்தத் தளத்தில்தான் கொடுக்க வேண்டும்.

நீதி: யாருமே உள்ளே வர முடியாத தளத்தில் ஒட்டுக்கேட்பு நடக்காது. ஆகவே பாதுகாப்பு வேண்டுவோர் முதலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளவும்.