உம்மு ஸல்மா மாமி அணைத்த நெருப்பு

எருக்கலம்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

கண்ணியத்துக்குரிய அபூசாலி மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகள் இர்ஷானா எழுதுவது. புத்தளத்தில் தாங்கள் அல்லாஹ்வின் கிருபையால் நலமாயிருக்க வேண்டும். இதை வாசித்து முடிக்கும்வரை தங்கள் பிரஷரும் நலமாயிருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் பாதியில் கோபித்து வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். தாங்கள் பேசிய சிலாவத்துறைச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்.

நடந்ததைக் கேளுங்கள். போன ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானம் லுஹர் முடிந்ததுமே வந்து இறங்கினார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் அப்போது வீட்டில் என் கணினியில் மறுநாள் பரீட்சைக்கு மின்சுற்று வரைந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பவ்ஸானின் உம்மா, உம்மு ஸல்மா மாமி, அறைக்குள்ள வந்து "இது என்ன படிப்பு மகள்?" எண்டு கேட்டா. மின்சுற்றை உண்மையாக் கட்டுறதுக்கு முதல் திரையில ஓட்டிப் பாக்கிறது, பிழைச்சாலும் ஒண்டும் எரியாது எண்டு சொன்னன். என்ர மாணவி றஸ்னா சும்மா இருந்திருக்கலாம். "இஞ்ச பாருங்கோ மாமி" எண்டு, கரண்டைக் கட்டுப்படுத்துற தடையியைப் போடாமல் பல்ப்பை நேரா பற்றரியில குடுத்திட்டாள். திரையில பல்ப் வெடிச்சுது, நெருப்புப் படம் வந்துது, ஸ்பீக்கரில 'டமார்' எண்டு சத்தம். மாமி "யா அல்லாஹ், ஓடுங்கோ பிள்ளையள்!" எண்டு கத்திக்கொண்டு, தனக்கு வைச்ச சர்பத் ஜக்கைத் தூக்கி அப்பிடியே கணினியில ஊத்திட்டா. இல்லாத நெருப்பை அணைக்கப்போய் உண்மையாவே புகை வந்துது மாமா. நான்தான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிப்பாட்டினனான். பிள்ளையளின்ர வேலை முழுக்க அதுக்குள்ள. றஸ்னா அழத் தொடங்கிட்டாள். எனக்கும் வாய் நிக்கேல்லை: "கரண்டில தண்ணி ஊத்துற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்!"

மாமி முக்காட்டால முகத்தைத் துடைச்சா. "எங்கட கடை வயர் பத்தித்தான் எரிஞ்சது மகள். அண்டைக்கு ஊத்த ஒரு வாளி தண்ணி கிடைக்கேல்லை" எண்டு மட்டும் சொன்னா. வட்டிலப்பத்தைத் தொடாமலே போயிட்டினம்.

பிள்ளையள் காலமை கல்லூரிக்குப் போய், எல்லாத்தையும் திரும்ப வரைஞ்சு சித்தியடைஞ்சிட்டுதுகள், அல்ஹம்துலில்லாஹ். ஆனா பயந்துபோன மனுசியை எல்லாருக்கும் முன்னால அப்பிடிக் கேட்ட நான், எந்த முகத்தோட அந்த வீட்டுக்கு வாழப் போறது? அவவுக்கும் என்னைக் கண்ணில காட்டப்படாது. ஆகவே தாங்கள் பக்குவமாக மறுத்துவிடுங்கள். தங்கள் துஆவில் என்னையும், முடிந்தால் என் கணினியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மருமகள்,
இர்ஷானா

பி.கு.: மாமா, மறுக்காதீங்கோ! உறையை ஒட்டப்போக வாசலில ஆள். உம்மு ஸல்மா மாமி பஸ்ஸில தனிய வந்து நிக்கிறா. "மகன்ர விசயமா வரேல்லை. வயர் பத்தினா என்ன செய்யவேணுமெண்டு சொல்லித் தா" எண்டா. இப்ப கல்லூரி லப்டொப்புக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்து, பல்ப் பல்பா வெடிக்க வைச்சுச் சிரிச்சுக்கொண்டிருக்கிறா. மாப்பிள்ளையை நான் இன்னும் வடிவாப் பாக்கேல்லை. ஆனா இந்த மாமியாரை விட ஏலாது.