இன்ஜின் ஓடுகிறது, நீ வர வேண்டாம்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தோட்டத்து வீடு
1976 அக்டோபர், விஜயதசமி கழிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய ராக்கப்பன் மச்சான் அவர்களுக்கு, உங்கள் அத்தை மகள் துளசிமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே இரண்டு வீட்டிலும் எல்லோரும் நலம். மாடுகள் நலம். தென்னையில் வண்டு விழுந்ததைத் தவிர மரம் மட்டைகளும் நலம். சக்குபள்ளத்தில் மழையும் குளிரும் அட்டையும் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது மாமா, அதாவது உங்கள் அப்பா. அவர் சொன்னது இரண்டே வாக்கியம். "இன்ஜின் ஓடுது. நீ வர வேண்டாம்." அதற்குக் கார்டு போதும் என்றும் சொன்னார். நான் கவர் வாங்கினேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நடந்தது கார்டில் கொள்ளாது.

கிணற்று இன்ஜின் நின்றுபோன அன்று, "லீவு கேட்டுட்டு வா" என்று உங்களுக்கு எழுதியதும் என் கைதான், அதற்கு நீங்கள் போட்ட பதிலை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியதும் என் வாய்தான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை அதிகம், தீபாவளிக்குள் வரப் பார்க்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் காகிதத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்வதுபோல், "படித்துக் காட்டுகிறவருக்குச் சம்மதமா?" என்று ஒரு வரி. என் குரல் அங்கே தடுக்கிவிட்டது. மாமா விடவில்லை. "அந்த ஓரத்துல என்னமோ பொடிப்பொடியா இருக்குதே அம்மிணி, என்னது?" என்றார். "ஏலக்காய் வெலைங்க மாமா" என்றேன். "எவ்வளவாம்?" "ஏறும்போலத் தெரியுதுன்னு எழுதியிருக்குதுங்க." மாமா மிகவும் சந்தோஷப்பட்டார். இனிமேல் அந்த மாதிரிக் கேள்விகளை நீங்கள் ஓரத்தில் எழுதுவதற்கு முன், அதைப் படிக்கிறவள் எந்த முகத்தோடு படிப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன பயன்? நம் பக்கத்தில் பெண் கேட்பது என்றால் மாமன்காரர் நேரில் வந்து தன் வாயால் கேட்க வேண்டும், பெண்ணின் அப்பா தன் வாயால் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆள் விட்டுக் கேட்டால் கேட்டதாகவே ஆகாது. நம் வீட்டுக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பங்குக் கிணறு, பங்கு இன்ஜின், ஆனால் கடிகாரம் மட்டும் ஆளுக்கு ஒன்று. எங்கள் அப்பா ரேடியோவில் கோயம்புத்தூர் சொல்லும் மணிக்கு வாட்ச்சை வைப்பார். மாமா காலை முதல் பஸ் போவதைப் பார்த்து வைப்பார். அந்த பஸ் என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறதா? தண்ணீர் முறை மாற்றும்போது பத்து நிமிஷத் தண்ணீரை நீ திருடினாய், நீ திருடினாய் என்று சித்திரையில் நின்ற பேச்சு, இந்தப் புரட்டாசி வரை நின்றதுதான். அம்மா மட்டும் தன் அண்ணனுக்குச் சோறு அனுப்புவதை நிறுத்தவில்லை. தினமும் தூக்குப்போசியோடு வாய்க்காலைத் தாண்டுவது நான். போகும்போது குழம்பும், வரும்போது இவர் அவரைப் பற்றிச் சொன்னதில் பாதியும் கொண்டுவருவேன். மீதிப் பாதியை வாய்க்காலில் விட்டுவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் இன்ஜின், சோளப்பொரி வறுப்பதுபோல் சத்தம் போட்டு நின்றது. கொழிஞ்சாம்பாறை பட்டறையிலிருந்து மிக்கேல் அண்ணன் வந்து பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டைமிங் கியரில் பல் உடைந்திருக்கிறது என்றார். உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று, பெரிய சக்கரம் ஒன்று. பிஸ்டன் எப்போது மேலே வருகிறது என்பது சின்னதுக்குத் தெரியும், வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது பெரியதுக்குத் தெரியும், இரண்டும் பல்லோடு பல் கோத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும், மூச்சை இழுக்க வேண்டிய நேரத்தில் இன்ஜின் மூச்சை விடும். மிக்கேல் அண்ணன் புதுப் பெரிய சக்கரத்தைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மாட்டத்தான் நேரமில்லை. அவர் வேதக்காரர்தான், ஆனாலும் பட்டறைப் பையன்களுக்கு ஆயுத பூசை கொண்டாடாவிட்டால் அடுத்த நாள் ஒருவனும் வரமாட்டானாம். பொரிகடலையும் பூசணிக்காயும் வாங்க ஓடினார். போகும்போது மாமாவிடம் சொன்னார்: "சின்னதுல ஒரு புள்ளி குத்தியிருக்கும், பெருசுல ஒரு புள்ளி குத்தியிருக்கும். ரெண்டு புள்ளியும் மூஞ்சியோட மூஞ்சி பாத்து நிக்கோணும். அவ்வளவுதானுங்க. அவசரம்னா நீங்களே மாட்டிக்கலாம்."

அவசரம்தான். நெல் கதிர் வாங்கும் சமயம், வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் பூசைக்கு வைத்த ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார்கள். விஜயதசமி விடிந்ததும் மாமா வெள்ளை வேட்டியோடு இன்ஜின் ரூமுக்கு வந்தார். அப்பா அந்த வாசல் வழியாக வராமல், சுற்றிக்கொண்டு கிணற்றுப் பக்கத்து வாசல் வழியாக வந்தார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அந்தப் பக்கம் ஃப்ளைவீலைச் சுற்ற வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் குனிந்து சின்னச் சக்கரத்தின் அடையாளம் எதிரே வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரிய சக்கரத்தை நேராக வைத்துத் தள்ள வேண்டும். மூன்றாவதாக நான். எதற்கு என்று கேட்காதீர்கள்.

"அம்மிணி, சுத்தட்டுமான்னு உங்கொப்பனக் கேளு" என்றார் மாமா. இருவருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. "சுத்தச் சொல்லு கண்ணு" என்றார் அப்பா. "சுத்தச் சொல்றாருங்க மாமா." மாமா சுற்றினார். அடையாளம் வந்தது. "நிறுத்தச் சொல்லு!" "நிறுத்தச் சொல்றாருங்க மாமா!" நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கனத்த ஃப்ளைவீல் தன்பாட்டுக்கு நகர்ந்து அடையாளத்தைத் தாண்டிப் போய்விட்டது. "தாண்டிப்போச்சுன்னு சொல்லு. கையில பலம் இருக்கற அளவுக்குக் காது இல்லைன்னும் சொல்லு." "தாண்டிருச்சுங்களாம்" என்று மட்டும் சொன்னேன். மறுபடி சுற்றினார். மறுபடி நிறுத்தச் சொல்லு, மறுபடி நிறுத்தச் சொல்றாருங்க, மறுபடி தாண்டியது. நான் சுருக்கமாக "நிறு" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன், அப்போது அடையாளம் வந்து சேரவில்லை. "நீ சோத்துப் போசி கொண்டு வர்ற மாதிரியே சேதியும் கொண்டு வர்ற அம்மிணி, வந்து சேர்றப்ப ஆறிப்போயிருது" என்றார் மாமா. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நான் படித்த நாவல்களில் எல்லாம் இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கும் பெண் நிலா வெளிச்சத்தில் நிற்பாள். அவள் மேல் டீசல் வாடை அடித்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு மாமா கோபத்தில் வேகமாகச் சுற்றிவிட்டார். அப்பாவின் விரல் பல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. "மாப்ளே, கையெடுங்க!" என்று மாமா கத்தினார். அதே நொடியில் அப்பா, "நில்லுங்க மச்சா!" என்று கத்தினார். நின்றது. அடையாளம் எதிரே, மயிரிழை பிசகாமல் நின்றது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஆளுக்கு ஒரு வார்த்தை. இருவரும் என்னை முறைத்துப் பார்த்தார்கள், நான்தான் ஏதோ செய்துவிட்டதுபோல. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் சக்கரத்தப் பாத்துச் சொன்னேன்னு சொல்லு அவர்கிட்ட. ஆளப் பாத்துச் சொல்லலை" என்றார். மாமா, "சக்கரத்தோட தங்கச்சிய இவரு எப்பக் கட்டுனாரு, மச்சான்னு கூப்பிட?ன்னு கேளு" என்றார். இதை நான் கேட்கவில்லை.

பெரிய சக்கரத்தை நேராக வைத்துத் தள்ளி, மூடியைப் போட்டு, கற்பூரம் காட்டி, மாமா ஹேண்டிலைச் சுழற்றினார். இன்ஜின் ஒரு தடவை விக்கியது. பிறகு ஹேண்டிலைப் பிடுங்கிக் கூரைக்கு எறிந்தது. காற்று உள்ளே போக வேண்டிய வாய் வழியாகக் கரிப்புகை புஸ்ஸென்று வெளியே வந்து, மாமாவின் வெள்ளை வேட்டியை அமாவாசை ஆக்கிவிட்டது. "கண்ணு தெரியாத ஆளப் புள்ளி பாக்கச் சொன்னா இப்படித்தான்னு சொல்லு!" "சுத்தத் தெரியாத ஆளு சுத்துனா இப்படித்தான்னு சொல்லு!" யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே மனது விட்டுப்போயிற்று மச்சான். ஒரு சக்கரத்தை நிறுத்தவே இத்தனை பாடு என்றால், இவர்கள் எந்தக் காலத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கேட்டு, ஒருவர் கொடுத்து?

அப்போதுதான் அம்மா சுண்டலும் மோரும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மூடியை மறுபடி கழற்றி வைத்திருந்தோம். எட்டிப் பார்த்தவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, நேத்துப் பூசைக்கு நான் வெச்ச பொட்டு அழியாம அப்படியே இருக்குதே!" என்றார்கள்.

"எந்தப் பொட்டு?" என்றார் மாமா.

"இதா, சின்னதுக்கு ஒண்ணு, பெருசுக்கு ஒண்ணு. வண்டி, கலப்பை, அருவா, ரேடியோன்னு எல்லாத்துக்கும் வெச்சதுல சந்தனம் தீந்துபோச்சு. இதுகளுக்கு வெறும் குங்குமந்தான். சின்னது ஒம்பது வருசமா உள்ளயே கெடந்து ஒழைக்குது, பெருசு இப்பத்தான் புதுசா வந்துருக்குது, ஒரு பூசையாச்சும் பாத்துச்சுகளா? வெறும் நெத்தியா உட மனசு வரலீங்க."

குங்குமம் கிரீஸில் ஊறிச் சிவப்புப் பெயிண்டு மாதிரி இறுகியிருந்தது. மிக்கேல்தான் தெரிவதற்காகப் பெயிண்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கெட்டிக்காரப் பயல் என்று மாமா காலையில் பாராட்டியிருந்தார். அப்பாவும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தலையாட்டியிருந்தார். நானும் பார்த்தேன், எனக்கும் தோன்றவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். பொட்டு போயிற்று. கடுகு அளவுக்கு, நிஜமான குத்துப்புள்ளி, இரண்டு சக்கரத்திலும் பொட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். மாமாவின் வேட்டியைப் பார்த்தார். அவருக்குத் தோள்தான் முதலில் குலுங்கியது. மாமா, "சிரிக்காதன்னு சொல்லு அம்மிணி, சிரிக்காதன்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்து, கண்ணில் நீர் வந்து, கரிக்கையால் துடைத்து, முகமும் அமாவாசை ஆயிற்று. அம்மாதான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மோர்ச் செம்போடு நின்றார்கள்.

இரண்டாவது தடவை நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இன்னுங்கொஞ்சம்... இன்னுங்கொஞ்சம்... ஆங்" என்று அப்பா தரையைப் பார்த்துச் சொல்ல, மாமா சுவரைப் பார்த்து நிறுத்தினார். புள்ளிகள்தான் மூஞ்சி பார்த்து நின்றன. ஹேண்டில் போட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குழாயில் இருமி, பிறகு ஒழுங்காக விழுந்தது. வயல் தண்ணீரைக் குடிக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. நான் உங்களுக்கும் சேர்த்துக் கேட்டேன்.

அதோடு சரி. வேலை முடிந்ததும் இருவரும் வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவராக உட்கார்ந்துவிட்டார்கள். "மாமனுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்றார் அப்பா. "நான் குடிச்சாச்சுன்னு சொல்லு" என்றார் மாமா. மறுபடியும் நான், மறுபடியும் தூக்குப்போசி. ஆகவே மச்சான், ஓரத்தில் எழுதிய கேள்வியை நீங்கள் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். மாமா சொன்னபடி, இன்ஜின் ஓடுகிறது, நீங்கள் வர வேண்டாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும். ஸ்டோர் அடுப்புப் புகையில் அதிக நேரம் நிற்க வேண்டாம். அம்மாவின் ஆசியும், மாமாவின் ஆசியும், அப்பாவின் ஆசியும் தனித்தனியாக இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வழியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் வந்து சேரும்.

இப்படிக்கு,
துளசிமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இதை எழுதுகிறேன். விடிந்ததும் தண்ணீர் முறை மாற்றும்போது மறுபடியும் சண்டை. என்னை யாரும் கூப்பிடவில்லை. அம்மா பயந்துபோய் எழுப்பியதால்தான் ஓடினேன். இரண்டு பேரும் கிணற்று மேட்டில், மூக்கோடு மூக்கு முட்ட நின்று, நேருக்கு நேராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். "உங்க பஸ்ஸு என்னைக்குங்க நேரத்துக்கு வந்துது?" "உங்க ரேடியோவுக்கு வயல் இருக்குதா, அதுக்கு என்ன தெரியும்?" "இந்த மாதிரி ஆளோட எப்படிச் சம்பந்தம் பண்றதுன்னுதான் ஆறு மாசமா வாயத் தொறக்காம இருக்கறேன் மாப்ளே!" "தொறந்து கேட்டாத்தானுங்க மச்சா தெரியும், குடுக்கறனா இல்லையான்னு!" "அப்படியா? கேக்கறேன். எம்பையனுக்குப் புள்ளயக் குடுக்கறீங்களா?" "குடுக்கறேன்! மொதல்ல அந்தக் கடியாரத்தக் கெணத்துல எறிங்க!" பிறகு இருவரும், தாங்கள் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் நின்றுவிட்டார்கள். மாமா வாட்ச்சைக் கழற்றினார். எறியவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மா உள்ளே ஓடிப்போய்க் குங்குமம் எடுத்துவந்து இருவர் நெற்றியிலும் வைத்தார்கள். இதை யாரும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மேலே எழுதியதில் "வர வேண்டாம்" என்று வரும் இடங்களை எல்லாம் அடித்துவிடவும். நீங்கள் ஓரத்தில் கேட்டிருந்த ஏலக்காய் விலை ஏறிவிட்டது. வரும்போது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வர வேண்டாம். இங்கே இரண்டு இருப்பதே அதிகம்.