எல்லோருக்கும் தடை

என் அம்மாவுக்கு ஓர் அநியாயம் நடந்தது. அவள் எழுதிய பாடத்தை அவளே திருத்தக் கூடாதென்று ஒருவர் தடை போட்டார். அந்த ஒருவர் என் அப்பா.

வீட்டில் கணினி ஒன்று, ஆள் மூன்று. ஆளுக்கொரு கணக்கு, நடுவில் 'குடும்பம்' என்று ஒரு பொதுக் கோப்புறை. அப்பா கிடங்கு மேற்பார்வையாளர். அங்கே ஓர் ஆணி வேண்டுமென்றாலும் சீட்டு எழுத வேண்டும். போன வாரம் அவருடைய கோப்பு ஒன்று காணாமல் போயிற்று. (அவரே அழித்தார், சாட்சி நான்.) உடனே வீடும் கிடங்காகிவிட்டது. 'குடும்ப'த்துக்குள் எழுதும் உரிமை அப்பாவுக்கு. எங்களுக்குப் பார்க்க மட்டும். திருத்த வேண்டுமா? பெயர், கோப்பு, காரணம், கையெழுத்து. அதுவும் இரண்டு பிரதி!

அம்மா முதன்முதலாகத் தையல் வகுப்பு எடுக்கப் போகிறாள். இன்று ஐந்து மணிக்குள் பாடத்திட்டம் போய்ச் சேர்ந்தால்தான் வகுப்பு. அது இருப்பது 'குடும்ப'த்துக்குள். கடைசிப் பக்கம் பாக்கி.

"நகலெடுத்து வேற இடத்துல எழுதேம்மா" என்றேன்.

"என் வீட்டுல நான் எதுக்குத் திருட்டு வழியில போகணும்?" என்று காலையிலேயே சீட்டுக் கொடுத்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கேட்டாள். "என்னங்க, என் சீட்டு?"

"பரிசீலனையில இருக்கு."

"டீ டம்ளருக்கு அடியிலதானே இருக்கு!"

"அதுதாம்மா பரிசீலனை."

எனக்குப் பொறுக்கவில்லை. "இது சர்வாதிகாரம்ப்பா!"

"ஆட்சேபமா? அதையும் சீட்டுல எழுதிட்டு வா. நீ பேசுறதப் பார்த்தா இந்தப் பாதுகாப்பு பத்தாது போலிருக்கே!"

கோப்புறையின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து, 'எல்லோரும்' என்ற வரிக்கு நேரே 'தடை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நிச்சயமா என்று கேட்டது கணினி. என்னையா கேட்கிறாய் என்ற தோரணையில் 'ஆம்' என்று தட்டினார். பிறகு தன் கோப்பைத் திறந்தார்.

'உங்களுக்கு அனுமதி இல்லை.'

"என்னடி இது? நான் நிர்வாகி!"

"எல்லோரும்னா அதுல நீங்களும்தானேப்பா?"

தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டார், கெஞ்சியும் பார்த்தார். மணி நாலரை. அப்பாவுக்கு வியர்த்தது.

"ஐயோ, உங்கம்மா பாடம்!"

அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். "எழுந்திரிங்க."

தன் கணக்கில் நுழைந்தாள். நாலு தட்டு, தடை பறந்தது. கடைசிப் பக்கமும் முடிந்து, நாலு ஐம்பத்தாறுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது.

"எப்படிம்மா?" என்றார் அப்பா, ஈனசுரத்தில்.

"கணினி வாங்கின அன்னிக்கு நீங்க பெட்டியைப் பிரிச்சுப் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டீங்க. இந்தக் கோப்புறையை ஆரம்பிச்சது நான். உரிமையாளர் நான்தான். யாருக்கு என்ன அனுமதின்னு நான் எப்ப வேணா மாத்தலாம்."

"அப்ப காலையிலேயே மாத்தியிருக்கலாமே!"

"நீங்க கையெழுத்துப் போடுறீங்களான்னு பார்த்தேன்."

அப்பா திரையை எட்டிப் பார்த்தார். புதிய அனுமதிப் பட்டியலில் அம்மா பெயரும் என் பெயரும் இருந்தன. அவர் பெயர் இல்லை. மறந்துவிட்டாளாம்!

அப்பா உட்கார்ந்து சீட்டு எழுதினார். இரண்டு பிரதி. காரணம் என்ற இடத்தில், 'நானும் இந்தக் குடும்பத்தில் ஒருவன்.'

அம்மா இரண்டு தடவை படித்தாள். சிரித்தாள். டம்ளருக்கு அடியில் வைக்காமல், அப்போதே கையெழுத்துப் போட்டு, பதிலும் எழுதிக் கொடுத்தாள்:

'பார்க்க மட்டும்.'