கேரம் போர்டு செய்த ஆக்கிரமிப்பு

"இனிமே அந்த ஆபீஸ் படியை மிதிக்க மாட்டேன். மிதிச்சா என் பேரு கிஷோர் இல்ல."

கிஷோர் இப்படிச் சபதம் செய்தபோது மனைவி எழிலரசி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன மாதம் குடிநீர் வரிக்குப் பேர் மாற்ற நகராட்சி ஆபீசுக்குப் போய், நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காலி நாற்காலியைத் தரிசனம் செய்துவிட்டு வந்தவன் அவன்.

இப்போது வந்த விஷயம் சின்னதுதான். கேட்டுக்கு வெளியே மழைநீர்க் கால்வாயின் மூடி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஓர் ஆள் நின்றபடியே காணாமல் போகலாம், அவ்வளவு பள்ளம். அதே வாரம் மகள் பவ்யா நடக்கப் பழகினாள். நடந்தால் கேட்டைப் பார்த்துத்தான் நடந்தாள். கரையான்சாவடிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர். ஐப்பசி வந்துவிட்டால் ரோடு எது, பள்ளம் எது என்று வருண பகவானுக்கே தெரியாது.

"நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்."

"எழில், நான் சாப்ட்வேர்ல இருக்கறவன். இப்ப எல்லாம் ஆன்லைன். ஒரு போட்டோ, ஒரு பட்டன். வீடு தேடி வருவாங்க."

பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி அக்கா மதில்மேல் கையூன்றிச் சிரித்தார். "பள்ளம்னா எவன் வரான் நைனா? நான் வாசல்ல ரெண்டு படி எச்சா கட்டுனேன். ஆக்கிரமிப்புனு மறுநாளே வண்டியோட வந்து இடிச்சிட்டுப் போனானுங்க. அதுக்குன்னா மட்டும் சுறுசுறுப்பு கீது."

கிஷோர் அதைக் காதில் வாங்கவில்லை. எழிலரசி வாங்கினாள்.

மாலை அவன் திரும்பியபோது பள்ளத்தின் மேல் அவனுடைய கேரம் போர்டு கிடந்தது. கல்லூரியில் அவனுக்குக் கோப்பை வாங்கித் தந்த போர்டு. அதன்மேல் இரண்டு தண்ணீர் கேன்.

"என் போர்டுதான் கிடைச்சதா?"

"உங்க பொண்ணு காய் மாதிரி உள்ள விழுந்தா பரவாயில்லையா?"

கிஷோர் வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து, அப்படியே படம் எடுத்து நகராட்சியின் புகார் ஆப்பில் அனுப்பினான்.

காத்துக் காத்து ஒரு பதில் வந்தது: 'ஆய்வு செய்யப்பட்டது. பள்ளம் மூடிய நிலையில் உள்ளது. புகார் முடிக்கப்பட்டது.'

போர்டைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி அனுப்பினான். 'இது வேறு துறை.' எந்தத் துறை என்று கேட்டான். 'பணி முடிந்தது' என்று படத்தோடு வந்தது. படத்தில் புத்தம்புது சிமென்ட் மூடி. பக்கத்தில் ஒரு தென்னை மரம். அவர்கள் தெருவில் தென்னை மரமே கிடையாது.

"எங்கயோ ஒரு குழந்தை பொழச்சுது" என்றாள் எழிலரசி.

சனிக்கிழமை வானம் கறுத்து நின்றது. இன்னும் தெளிவான படத்துக்காக கிஷோர் போர்டை முழுசாக எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு போனை உயர்த்தினான். திரையில் பள்ளம் தெரிந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பாதம் தெரிந்தது.

அவன் கத்துவதற்குள் எழிலரசி பாய்ந்து கவுனின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டாள். ஒரு செருப்பு மட்டும் உள்ளே போயிற்று. அது தண்ணீரைத் தொட்ட சத்தம் மெதுவாகத்தான் வந்தது.

கிஷோர் போர்டை எடுத்து மூடினான்.

"போனைக் குடுங்க. பாப்பாவுக்குப் பாட்டு போடணும்" என்றாள் எழிலரசி. கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை வாசலில் வண்டி வந்து நின்றது. கிஷோருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா எழில்?"

மேஸ்திரி இறங்கினார். "யாருப்பா கிஷோர்? பொதுக் கால்வாய் மேல பலகை போட்டு ஆக்கிரமிச்சிகிறீங்களாமே. போட்டோவோட புகார் வந்துகீது."

"சார், பள்ளம்னு புகார் குடுத்ததே நான்தான்."

"பலகை யாருது?"

"என்னுதுதான், ஆனா..."

"ஒத்துக்கினீங்க. அவ்ளோதான். தூக்குங்கடா."

கேரம் போர்டு வண்டி ஏறியது. எழிலரசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றாள்.

"எடுத்துட்டீங்களாண்ணா? ஆக்கிரமிப்பை எடுத்த இடத்தை போட்டோ போட்டாதானே உங்க வேலை முடியும்? எடுங்க. பள்ளமும் பாப்பாவும் ஒண்ணா தெரியற மாதிரி எடுங்க."

மேஸ்திரி போனை உயர்த்தினார். இறக்கினார். இந்தப் பக்கம் வந்து உயர்த்தினார். எந்தப் பக்கம் நின்றாலும் பள்ளம்தான் பல்லிளித்தது. தலையைச் சொறிந்துகொண்டு போனில் யாரிடமோ பேசினார். மத்தியானத்துக்குள் சிமென்ட் மூடி வந்து உட்கார்ந்துவிட்டது.

கிஷோர் மதில் பக்கம் திரும்பினான். "அக்கா, என் மேல புகார் குடுத்தது நீங்களா?"

"என்னாண்ட இன்னா கீது, பட்டன் போனு. உன் ஊட்டுக்குள்ள விசாரி நைனா."

அந்த நேரம் பார்த்து அவன் போன் சிணுங்கியது. 'தங்கள் புகாரின் பேரில் கிஷோர் என்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.'

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே எழில்."

"சொன்னா நீங்க இன்னும் தெளிவா ஒரு போட்டோ எடுக்கப் போயிருப்பீங்க."

புது மூடியின் மேல் பவ்யா ஒற்றைச் செருப்போடு நடந்தாள். எழிலரசி அவள் கையை விடவில்லை. இந்த மூடி எத்தனை மழைக்கு என்று யாருக்குத் தெரியும்?

கிஷோர் ஓரமாக உட்கார்ந்து, என் கேரம் போர்டைத் திருப்பித் தரவும் என்று எழுதி பட்டனை அழுத்தினான். இந்த முறை பதில் கண் இமைப்பதற்குள் வந்தது.

'பறிமுதல் செய்த பொருளைப் பெற உரிமையாளர் அலுவலகத்துக்கு நேரில் வரவும்.'