கயவ 4.6

பால் சொசைட்டிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் தள்ளிய சீட்டைத் தணிகாசலம் மறுபடியும் படித்தார். முதல் வரி, ‘தணிகாசலம்’. அடுத்த வரி, ‘கயவ 4.6’.

கடம்பத்தூர் வட்டாரத்தில் அவர் குடும்பத்தை அதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

“குப்புராஜு, இது இன்னாடா?”

பால் அளக்கும் குப்புராஜ் எட்டிப் பார்த்தான். “கயவன்னு போட வந்து ‘ன்’ வுட்டுப்போச்சு போலகீது. நான் பால ஊத்துறேன், மிசினு அடிக்குது. எனக்கு இன்னா தெரியும்?”

சீட்டில் வரும் தலைப்புகளைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தவள் அவருடைய தம்பி மகள் கல்பனா. வைத்த கையோடு பெரியபாளையத்துக்கு வேண்டுதல் என்று கிளம்பிவிட்டாள். அதுவரை பாலில் மீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்த்தே பால் எடுத்த ஊரில், அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை.

தணிகாசலம் மற்றவர்களின் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். எல்லோரும் கயவர்கள்தான். ஆனால் அவரை நெருங்க ஒருவரும் இல்லை. தண்ணீர்ப் பால் ஊற்றுவதாக ஊரே பேசும் கலியனுக்கே 3.1தான்.

அன்றே டீக்கடையில், “நாலு புள்ளி ஆறு வர்றாரு, வழி வுடு” என்று ஒரு குரல் கேட்டது.

பசுவுக்குத் தீனி போதவில்லையோ என்று பருத்திக்கொட்டையைக் கூட்டி வைத்தார். மறுநாள் 4.9.

வேறு வழியின்றிக் கலியன் வீட்டுக்குப் போனார். அவர் வம்சத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

“உனுக்கு மட்டும் எப்டிடா கம்மியா வருது?”

கலியன் சுற்றுமுற்றும் பார்த்தான். “ஒரு சொம்பு தண்ணி, பெரியவரே. வேற ஒண்ணுமில்ல.”

பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தறியாத தணிகாசலம், குடும்ப மானத்துக்காக மறுநாள் காலை இரண்டு சொம்பு சேர்த்தார். யாரும் பார்த்துவிடாமல் மனைவி மணியம்மாள் கதவைச் சாத்தினாள்.

சீட்டு வந்தது: 2.8. ஊரிலேயே குறைவு. முதுகை நிமிர்த்தி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினார். ஊர் திரும்பியிருந்த கல்பனாவிடமும் நீட்டினார்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இங்கிலீஷில் ‘ஃபேட்’ என்று அடித்தபோது கீபோர்டைத் தமிழிலிருந்து மாற்ற மறந்துவிட்டாளாம். எஃப் தட்டினால் க, ஏ தட்டினால் ய, டி தட்டினால் வ. எண் கூடினால் நல்ல பாலாம். குறைந்தால் தண்ணீர்ப் பாலாம்.

தணிகாசலம் நீட்டிய சீட்டை மடக்கிக்கொண்டார். “ஃபேட்டுன்னா?”

திரையில் அவருடைய பழைய எண்களைப் பார்த்தபடி, வரிசைக்கே கேட்கும்படி கல்பனா சொன்னாள்:

“கொழுப்பு, பெரிப்பா. ஊர்லயே உங்களுக்குத்தான் ஜாஸ்தி. இன்னிக்கிதான் அடங்கிக்கீது.”