மூஸா நெய்னா மவுத்தான விவரம்

காயல்பட்டினம்,
16-2-1975

பேரன்புள்ள சேக் மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கொழும்பில் நீங்களும் வீட்டாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் சுகம். வழக்கமாக மரியாதைக்கு எழுதும் வரிதான், இன்று மட்டும் தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள். நான் உயிர் பிரிந்து மவுத்தாகிவிட்டதாக நேற்று உங்களுக்குக் கிடைத்த தந்தி பிசகு. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று தூத்துக்குடிக் கடையை மகன் சதக்கிடம் விட்டுவிட்டு கிளப்புக்குப் போனேன். ஸ்னூக்கர் ஒரு ஆட்டம் முடிவதற்குள் அஸர் தொழுகை போய் மஃரிப் தொழுகை வந்துவிடுகிறது என்று, சட்டென்று முடிகிற லைஃப் பூல் என்கிற ஆட்டத்தை இப்போது அங்கே ஆடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். நம் பந்தை அடுத்தவன் தன் கோலால் மேஜைக் குழிக்குள் தள்ளினால் ஓர் உயிர் போச்சு. மூன்றும் போனால், ஆள் செத்தாச்சு என்று ஆட்டக் கணக்கு வைக்கும் மார்க்கர் அருமைநாயகம் சத்தமாக அறிவிப்பார். நான் கால்மணி நேரத்தில் செத்தேன். முகம் வாடியிருந்ததைப் பார்த்து உப்பு வியாபாரி செல்வதுரை தன் காரில் என்னை ஊருக்கு அழைத்து வந்தார். நாங்கள் கிளம்பியதும் சதக்கு கிளப்புக்குப் போன் செய்து வாப்பாவைக் கேட்டிருக்கிறான்.

"அவிய அப்பவே செத்துட்டாவளே தம்பி. மூணு உசிரும் போச்சு. கார்ல ஏத்தி ஊருக்கு அனுப்பியாச்சு" என்றிருக்கிறார் அருமைநாயகம்.

பிள்ளை உங்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு ஓடியிருக்கிறான். எங்கள் காரோ பழையகாயல் பக்கம் டயர் வெடித்து, ஒரு பட்டறைக்குள் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. நான் தெருவுக்குள் நுழையும்போது வாசலில் பந்தல், பள்ளிவாசலிலிருந்து வந்த, சடலம் தூக்கும் சந்தூக்குப் பெட்டி, ஊர்ப்பட்ட கூட்டம். மேலப்பாளையத்திலிருந்து வந்த யாரோ ஒரு பெரியவர் இருட்டில் ஆள் தெரியாமல் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"இருங்க காக்கா. மையித்து வந்துக்கிட்டு இருக்கு."

"யாரு மவுத்து?"

"நம்ம மூஸா நெய்னாதான். நல்ல மனுஷன். கொஞ்சம் சிடுசிடுப்பு, அவ்வளவுதான்."

"யாருவே சிடுசிடுப்பு?" என்று நான் கேட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும். அந்தக் குரலை வைத்துத்தான் உள்ளே அழுதுகொண்டிருந்த உங்கள் தங்கை சம்சுன்னிசா என்னைக் கண்டுகொண்டாள். ஓடி வந்து என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விவரம் சொன்னேன்.

"உசிரோட இருக்கிற மனுஷன் எதுக்கு அங்கன போய்ச் செத்தீங்க?" என்று கேட்டாள். அப்போது பிடித்த என் மணிக்கட்டை இந்த நிமிஷம் வரை விடவில்லை. பிடித்திருப்பது இடது கை, அதனால் எழுத முடிகிறது.

ஆகவே மச்சான், நீங்கள் கடையைப் போட்டுவிட்டு அலைய வேண்டாம். இனி அந்தக் கோலைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் மச்சான்
மூஸா நெய்னா

பி.கு: உறையை ஒட்டுமுன் உங்கள் தந்தி வந்தது. கடையை அடைத்துவிட்டுக் கிளம்புகிறீர்களாம். எங்கள் மகள் நிக்காஹ்வுக்கு மூன்று கடிதம் போட்டும் வராதவர் நீங்கள். "கூடப்பிறந்த காக்காவைப் பார்த்துப் பதினோரு வருஷமாச்சு" என்றாள் சம்சுன்னிசா. மறுதந்தி கொடுக்க சதக்கு சைக்கிளோடு நின்றான். நானும் அவளும் சேர்ந்து தடுத்துவிட்டோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நேரில் தருகிறேன். ராமேசுவரத்தில் நீங்கள் கப்பலை விட்டு இறங்கும்போது நான்தான் கரையில் நிற்பேன். பார்த்ததும் பயந்துவிடாதீர்கள்.